ஊரான் கல்லுக்கு நமக்கு எதற்குப் பட்டா?

"ட்ரூயிட் என்றால் திராவிடர், ஸ்டோன்ஹெஞ்ச் தமிழன் கட்டிய கோயில்." இந்த வாரம் மூன்றாவது முறையாக இது என் போனுக்கு வந்திருக்கிறது. அனுப்பியவர்களில் ஒருவன் என்னிடம் வரலாறு படித்தவன். வெட்கம் எனக்குத்தான்.

தம்பி, ட்ரூயிட் செல்டிக் மொழிச் சொல். அந்தப் பெருங்கற்களை நிறுத்தி 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகுதான் ட்ரூயிட்டுகளைப் பற்றி முதல் எழுத்தே கிடைக்கிறது. அவர்களே கட்டாததற்கு நீ பட்டா போடுகிறாய்!

இன்று அங்கே வெள்ளை அங்கியோடு நிற்பவர்களும் அறுபடாத பரம்பரை இல்லை. 1792-இல் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் யோலோ மோர்கானுக் என்ற வேல்ஸ்காரர் சிறு கற்களை வட்டமாக வைத்து, ஆதிச் சடங்கு என்றார். அவரே புனைந்தது அது. பிற்பாடு அறிஞர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆண்டுக்கு எட்டு விழா என்ற கணக்கும் 1950-களில் சேர்த்துக் கட்டியதுதான். இன்றைய ட்ரூயிட்டுகள் பலர் இதை மறைப்பதில்லை. புதிதுதான் என்று ஒப்புக்கொண்டே டிசம்பரின் நீண்ட இரவு முடிந்து எழும் சூரியனைக் கும்பிடுகிறார்கள், மரம் நடுகிறார்கள். 2010-இல் அவர்களின் அமைப்பு ஒன்று இங்கிலாந்தில் மத அறக்கட்டளையாகப் பதிவும் ஆனது.

அவர்களுக்குத் தேவைப்படாத பொய் நமக்கு எதற்கு? கீழடிக்கு ஒரு நாளாவது பஸ் ஏறிப் போயிருக்கிறாயா?

யார் யாருக்கு அனுப்பினாயோ, அவர்களுக்கெல்லாம் இன்றே "தப்பு" என்று எழுதிவிடு.