பச்சையாக இருப்பதெல்லாம் கீரையா?

கீரையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என் மகள், பாஸ்தா என்றால் தட்டை வழித்துச் சாப்பிடுவாள். போன வருடம் அரியலூர் கடையில் 'கீரை பாஸ்தா' பாக்கெட்டைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். ரிப்பன் பக்கோடா மாதிரி பட்டை பட்டையாக, பச்சைப் பசேலென்று இருந்தது. வாரத்தில் மூன்று நாள் அதுதான். 'எப்படியோ கீரை உள்ளே போகுதே' என்ற நிம்மதியில், வீட்டில் கீரை கடைவதையே விட்டுவிட்டேன்.

அப்புறம் ரத்தப் பரிசோதனையில் அவளுக்கு ஹீமோகுளோபின் 9 என்று வந்தது. "கீரை குடுக்கறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "ஆமாம்" என்று சொல்லிவிட்டு வந்தாலும் மனசு உறுத்தியது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். முதலில் கோதுமை ரவை; கடைசியில் கீரைப் பொடி 2 சதவீதம்! குழந்தை சாப்பிடும் 50 கிராமில் 1 கிராம் பொடி. பச்சை இலையாகக் கணக்குப் போட்டாலும் பத்துப் பன்னிரண்டு கிராம்தான்.

"ஏம்மா, பச்சையா இருக்கறதெல்லாம் கீரையாயிடுமா?" என்று என் மாமியார் கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை.

கம்பெனியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது சட்டம், அவர்கள் போட்டிருந்தார்கள். படிக்காதது என் தப்பு. அமெரிக்க விதிப்படிகூட, கீரை பாஸ்தாவில் கீரையின் திடப்பொருள் 3 சதவீதம் இருந்தாலே போதுமாம். ஆனால் இத்தாலியில் பொலோனியா பக்கத்துப் பெண்கள், வெந்த கீரையையே அரைத்து மாவோடும் முட்டையோடும் பிசைந்து பச்சை லசான்யா செய்கிறார்கள்.

இப்போது நானும் பாஸ்தாவை நிறுத்தவில்லை. நிறைய தண்ணீரில் உப்புப் போட்டு வேகவைத்து வடித்து, அந்தத் தண்ணீரில் அரை டம்ளர் எடுத்து வைக்கிறேன். நல்லெண்ணெயில் பூண்டு, சின்ன வெங்காயம், நம்ம பக்கத்து உடைந்த முந்திரி வதக்கி, பொடியாக நறுக்கிய சிறுகீரை ஒரு கட்டு முழுவதும் போட்டு வதக்குவேன். கீரை வெந்ததும் பாஸ்தாவையும் எடுத்து வைத்த தண்ணீரையும் சேர்த்துப் புரட்டி, இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிவேன். அந்தப் புளிப்பு இருந்தால்தான் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். கூடவே டீ, காபி கொடுத்தால் அது கெட்டுவிடும். பாஸ்தா இல்லாத நாளில் இடியாப்பத்தில் முருங்கைக்கீரை.

கீரை மட்டுமே ரத்தசோகையைத் தீர்த்துவிடாது. டாக்டர் எழுதிய மருந்தும் கொடுத்தேன். இப்போது 11.6.

பாக்கெட் வாங்குவது தப்பில்லை, சகோதரிகளே. முன்பக்கப் படத்தை நம்பி, கொல்லையில் நிற்கும் முருங்கையை மறந்துவிடுகிறோமே, அதுதான் தப்பு!

- ஒரு வாசகி, ஆலத்தியூர்.