ஒரு நாள் வழிகாட்டி: தண்டச் செலவா?

"நெட்டுல எல்லாமே இருக்கு, இதுல வழிகாட்டிக்கு வேற காசு கொடுக்கணுமா, பணக்கொழுப்பு"ன்னு நண்பர் ஒருத்தர் போன வாரம் எழுதியிருந்தார். அவருக்குப் பின்னூட்டம் போடத்தான் ஆரம்பிச்சேன். அது அனுமார் வால் மாதிரி நீண்டுக்கிட்டே போனதால இங்கேயே கடையை விரிச்சாச்சு. (ஆபீஸ்ல ஆணி கம்மின்னு யாரும் முடிவு கட்ட வேண்டாம், பில்டு ஓடிக்கிட்டிருக்கு :-))

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். நீங்க ஒண்டிக்கட்டையாவோ, உங்க வயசுக்காரங்க நாலு பேரோடயோ போறீங்கன்னா வழிகாட்டியே வேண்டாம். வழி தப்பி, பசியோட அலைஞ்சு, கடைசியில ஏதோ ஒரு சந்துல நல்ல சாப்பாடு கிடைக்கிறதுதான் அந்த வயசுக்குச் சரியான ஊர் பார்த்தல். ஆனா அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு, கையில ஒரே ஒரு நாளை வெச்சுக்கிட்டு, ரெண்டாயிரம் வருஷ சரித்திரம் உள்ள ஊருக்குப் போறீங்கன்னா தனி வழிகாட்டிதான். நாப்பது பேரைக் கொடி பிடிச்சு மேய்க்கிற குரூப் டூர் இல்லை. உங்க குடும்பத்துக்கு மட்டும் ஒருத்தர்.

பொதுவாப் பேசினா பிரயோஜனமில்லை, நான் பார்த்ததையே சொல்றேன். 2024 அக்டோபர். நான் முனிக்கில் வேலை பார்க்கிறேன். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாங்க. நாலு நாள் லீவு போட்டு மூணு பேருமா இஸ்தான்புல் போனோம். அப்பா பொதுப்பணித்துறையில் நீர்ப்பாசனப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். வாய்க்கா, மதகு, ஷட்டர், தூர் வாருறதுன்னே வாழ்க்கை ஓடினவர். அம்மாவுக்கு முட்டிவலி. இந்த ரெண்டு தகவலும் எந்த வெப்சைட்டுலயும் கிடையாது. நான் காசு கொடுத்தது இந்த ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டு ஒரு நாளை அமைச்சுத் தரத்தான்.

முதல் விஷயம், நாள் குறிக்கிறது. செவ்வாய்க்கிழமை போகலாமான்னு மெயில் அனுப்பினேன். வழிகாட்டி உடனே, "செவ்வாய் டோப்காபி அரண்மனை லீவு. வெள்ளிக்கிழமைன்னா தொழுகை நாள், ஹாகியா சோபியாவுலயும் நீல மசூதியிலயும் மத்தியானம் வரைக்கும் சுற்றுலாக்காரங்களுக்கு இடமில்லை. புதன் வாங்க"ன்னு பதில் போட்டார். இதெல்லாம் நெட்டுல இருக்கத்தான் செய்யுது, நண்பர் சொன்னது சரி. ஆனா அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்க சும்மா அந்தப் பக்கம் நடந்து போனப்ப, மூடின அரண்மனை வாசல்ல போனைப் பார்த்து முழிச்சுக்கிட்டு ஒரு கூட்டம் நின்னுது. அவங்க போன்லயும் அதே நெட்டுதான்.

ரெண்டாவது கடை விவகாரம். இஸ்தான்புல்லோ, ஆக்ராவோ, ஜெய்ப்பூரோ, எங்க போனாலும் மத்தியானத்துக்கு மேல வண்டி தானா ஒரு கம்பளக்கடை முன்னாடி போய் நிக்கும். டீ கொடுப்பாங்க, ஒவ்வொண்ணா விரிப்பாங்க, ஒண்ணும் வாங்காம எழுந்திரிச்சா ஏதோ கொலை பண்ணின மாதிரி பார்ப்பாங்க. அதனால "கடை வேண்டாம்"னு முன்கூட்டியே எழுதிட்டேன். அதுக்கு அவர் எழுதின பதில் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. கடை கமிஷன் வழிகாட்டிகள் பலருக்கு வருமானத்துல ஒரு பங்கு, அது இல்லாத ரேட்டு இதுன்னு 180 யூரோ கேட்டார். மூணு பேருக்கு குரூப் டூர் போட்டாலே பாதிக்கு மேல ஆகும்னு ஒத்துக்கிட்டேன். என்னைக் கேட்டா விலை மலிவான டூர்னு ஒண்ணு கிடையவே கிடையாது. மிச்சத்தை உங்க நேரத்துல இருந்து எடுத்துக்கிறாங்க, அவ்வளவுதான். நம்ம பிழைப்புல பிக்சட் பிட் ப்ராஜெக்டுல அடிமாட்டு ரேட்டுக்கு ஒத்துக்கிட்டு அப்புறம் சேஞ்ச் ரிக்வெஸ்டா போட்டுத் தாளிக்கிறோமே, அதே கதைதான்.

சரி, ஊருக்கு வருவோம். காலை 9 மணிக்கு டோப்காபி திறந்ததும் உள்ளே. 1460களில் இருந்து 1850கள் வரை ஒட்டமான் சுல்தான்கள் இருந்த இடம். எல்லாரும் 86 காரட் வைரத்தைப் பார்க்க நேரா ஓடினாங்க. எங்காளு எங்களை முதல்ல சமையல்கட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். 1574ல தீப்பிடிச்சதுக்கு அப்புறம் சினான்ங்கிற பெரிய கட்டடக்கலைஞர் திரும்பக் கட்டினது. வரிசையா புகைபோக்கிகள். உள்ளே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான் சேகரிப்புல இருந்து எடுத்து வெச்ச பாத்திரங்கள். பச்சை நிறப் பீங்கான்ல விஷம் பட்டா நிறம் மாறும்னு அந்தக் காலத்துல நம்பிக்கையாம். அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, "இத்தனையும் யாருடா தேய்ச்சுக் கழுவினது?"ன்னாங்க. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சார். அப்புறம் பத்து நிமிஷம் சமையல்காரங்க, எடுபிடிகள், யார் எந்த வேலை, எத்தனை பேருக்குச் சமையல்னு அந்தக் கேள்விக்கு மட்டுமே பதில் சொன்னார். நாப்பது பேர் கும்பல்ல எங்கம்மா வாயைத் திறந்திருப்பாங்களா? வைரத்தைக் கடைசியா எட்டிப் பார்த்தோம். கண்ணாடிக்குப் பின்னாடி பளபளன்னு இருந்துச்சு. அவ்வளவுதான்.

பழைய குதிரைப்பந்தய மைதானத்தைச் சீக்கிரமே தாண்டிட்டோம். எகிப்துல இருந்து கொண்டுவந்து 390ல நட்ட கல்தூணும், கி.மு. 479ல நடந்த பிளாட்டியா போர் வெற்றிக்காக கிரேக்கர்கள் செஞ்சு வெச்ச பாம்புத்தூண்ல மிச்சமிருக்கிறதும் அங்கதான் நிக்குது. வெயில். அம்மாவுக்கு பெஞ்சு தேவைப்பட்டது.

பாதாள நீர்த்தேக்கத்துக்குள்ள இறங்கினப்பதான் அப்பா முகம் மாறினது. ஆறாம் நூற்றாண்டுல ஜஸ்டினியன் காலத்துல கட்டினது. 336 தூண், ஒரு வரிசைக்கு 28 வீதம் 12 வரிசை, ஒவ்வொண்ணும் 9 மீட்டர் உயரம். தலைக்கு மேல ஊர் ஓடிக்கிட்டிருக்கு, கீழே இருட்டுல தண்ணி. நடுவுல பல நூறு வருஷம் இப்படி ஒண்ணு இருக்கிறதையே வெளியுலகம் மறந்திருக்கு. பதினாறாம் நூற்றாண்டுல ஒரு பிரெஞ்சு அறிஞர், இந்த ஊர்க்காரங்க வீட்டுத் தரையில ஓட்டை வழியா வாளியை விட்டுத் தண்ணி எடுக்கிறாங்க, மீன் கூடப் பிடிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டுத் தேடிக் கண்டுபிடிச்சிருக்கார். தூரத்துக் காட்டுல இருந்து கால்வாய் கட்டித் தண்ணி கொண்டுவந்த கதையை வழிகாட்டி சொல்லிக்கிட்டே வந்தார்.

அப்பா கேட்டார், "தூர் எப்படி வாரினாங்களாம்? மேல மூடின குளமாச்சே. வண்டலை எந்த வழியா வெளியே எடுத்திருப்பான்?"

வழிகாட்டி கொஞ்ச நேரம் யோசிச்சார். "பைசாண்டியக் காலத்துல எப்படிச் செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியாது சார். 1980கள்ல நகராட்சி சுத்தம் பண்ணி 1987ல பொதுமக்களுக்குத் திறந்தாங்க, அப்ப வாரின சேறு ஏராளம். ஆனா நீங்க கேட்கிறது வேற. நான் இத்தனை வருஷமா இங்க வர்றேன், இதை யாரும் கேட்டதில்லை"ன்னார். அப்புறம் ரெண்டு பேரும் அரைகுறை இங்கிலீஷ்ல, கையாலயே மதகு வரைஞ்சு, காவிரியில பழைய காலத்துல வண்டல் எப்படிப் போகும்னு பேசிக்கிட்டே நடந்தாங்க. எனக்கு மொழிபெயர்ப்பு வேலை போச்சு. ரிட்டயர் ஆன நாள்ல இருந்து அப்பாகிட்ட யாரும் அவர் தொழிலைப் பத்தி இவ்வளவு மரியாதையா ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை (நான் உட்பட).

இங்கேதான் நண்பருக்கு என் முக்கியமான பதில். தகவல் நெட்டுல இருக்கு, ஆடியோ கைடு இருக்கு, இப்ப போன்ல ஏஐயைக் கேட்டா அதுவும் சரளமா சொல்லுது. ஆனா இதுங்க எதுவும் எங்கப்பாவைப் பார்த்து "தெரியாது சார், நீங்க சொல்லுங்க"ன்னு சொல்லாது. நல்ல வழிகாட்டியா இல்லையான்னு பார்க்க எனக்கு இப்ப ஒரே சோதனைதான். தெரியாததைத் தெரியாதுன்னும், கதையைக் கதைன்னும் சொல்றாரா?

கதைன்னதும் நீல மசூதி ஞாபகம் வருது. 1609ல ஆரம்பிச்சு 1616ல முடிச்ச கட்டடம், உள்ளே 20,000க்கும் மேற்பட்ட ஓடுகள், வெளியே ஆறு மினார். ஏன் ஆறு? சுல்தான் அகமது தங்க மினார் கேட்டாராம். துருக்கியில தங்கத்துக்கு 'அல்தின்', ஆறுக்கு 'அல்தி'. கட்டினவர் காதுல தப்பா விழுந்து ஆறு கட்டிட்டாராம். எல்லா வழிகாட்டியும் சொல்ற கதை. இவரும் சொன்னார், ஆனா முடிச்சதும் "அழகான கதை, நம்பாதீங்க. சுல்தான் கட்டற மசூதியில யாரும் மினாரை எண்ணாம விட்டிருக்க மாட்டாங்க"ன்னார். நம்ம தஞ்சாவூர்ல என்ன நடக்குது? பெரிய கோயில் விமான நிழல் தரையில விழாதுன்னு இன்னமும் சொல்லி அனுப்பறாங்க. சாயங்காலம் பிரகாரத்துல ஒரு நடை நடந்தா நிழல் காலடியிலயே கிடக்கு! 1010ல ராஜராஜன் கட்டி முடிச்ச 200 அடிக்கும் மேற்பட்ட கருங்கல் விமானத்துக்கு இந்தப் பொய் எதுக்கு? உண்மையே போதாதா? எங்கம்மா நீல மசூதி வாசல்ல சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்து விட்டுக்கிட்டு, "நிழல் கதையை எங்களுக்கு ஸ்கூல்லயே சொன்னாங்களே"ன்னு வருத்தப்பட்டாங்க.

தனி வழிகாட்டியில ஒரு ஆபத்தும் இருக்கு, மறைக்கக் கூடாது. ஒரே ஆள், ஒரே ஜன்னல். அவர் எந்தப் பக்கம் திறக்கிறாரோ அதுதான் உங்களுக்கு ஊர். ஹாகியா சோபியாவுல இது நல்லாத் தெரியும். 537ல கட்டி முடிச்ச தேவாலயம். 1204ல சக கிறிஸ்தவச் சிலுவைப்போர்க்காரங்களே கொள்ளையடிச்சாங்க. 1453ல மசூதி. 1934ல அமைச்சரவை முடிவு பண்ணி மறு வருஷம் மியூசியமா திறந்தாங்க. 2020ல கோர்ட் அதை ரத்து பண்ண, மறுபடி மசூதி. 2024 ஜனவரியில இருந்து வெளிநாட்டுச் சுற்றுலாக்காரங்களுக்குத் தனி வாசல், மேல்மாடம் மட்டும், 25 யூரோ. இதை எப்படிச் சொல்றதுங்கிறது லேசுப்பட்ட வேலையில்லை. இந்தியாவுல இருந்து வந்த குடும்பத்துக்கிட்ட இன்னும் கஷ்டம். நம்ம ஊர்லயும் இதுமாதிரி புண்கள் இருக்குன்னு அவருக்கும் தெரியும். வருஷங்களை மட்டும் வரிசையா சொல்லிட்டு நிறுத்திட்டார். அப்பா விடலை. "உங்களுக்கு எப்படி இருந்தா பிடிக்கும்?"னு கேட்டுட்டார். எனக்கு பக்னு ஆச்சு. அவர் சிரிச்சுக்கிட்டே, "என் அம்மாவைக் கேட்டா ஒண்ணு சொல்வாங்க, என் மனைவியைக் கேட்டா வேற சொல்வாங்க. ரெண்டு பேர் சமைக்கிறதையும் நான் சாப்பிட்டாகணும்"னார். நழுவல்தான். ஆனா அவர் பிழைப்பு அந்த ஊர்ல, அவரை அதுக்கு மேல கேட்கிறது நியாயமில்லைன்னு நினைக்கிறேன். அதனாலதான் போறதுக்கு முன்னாடி வேற ஒரு கோணத்துல எழுதின புஸ்தகம் ஒண்ணாவது படிச்சுட்டுப் போங்கங்கறேன்.

மேல்மாடத்துல அவர் காட்டினதுல எனக்குப் பிடிச்சது, பேரரசி ஸோயி மொசைக். ஒரு பக்கம் ஸோயி, இன்னொரு பக்கம் புருஷன் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன். ஆனா அவர் அந்தம்மாவுக்கு மூணாவது புருஷன். முன்னாடி இருந்த புருஷன் முகத்தைப் பேர்த்துட்டு இவர் முகத்தைப் பதிச்சிருக்காங்க. உடம்பு பழசு, தலையும் பேரும் புதுசு. பழைய கோடை அப்படியே விட்டுட்டு ஆத்தர் பேரை மட்டும் மாத்தி செக்-இன் பண்ற நம்ம மக்கள் அந்தக் காலத்துலயே இருந்திருக்காங்க. பக்கத்துலயே பளிங்குக் கைப்பிடிச்சுவர்ல ஹால்ஃப்டான்னு ஒரு வைக்கிங் ஆசாமி தன் பேரைக் கிறுக்கி வெச்சிருக்கார். மகாபலிபுரத்துல இதயம் வரையறவங்களுக்கெல்லாம் மூதாதை :-)

மூணு மணிக்கு அவரே நிறுத்திட்டார். கிராண்ட் பஜார் பாக்கி இருக்கேன்னு கேட்டேன். "கடைத்தெரு பார்க்க நான் எதுக்கு? அம்மா முகத்தைப் பாருங்க, ரூமுக்குப் போங்க. நாளைக்கு நீங்களே மெதுவாப் போங்க. ஞாயிறு மட்டும் லீவு"ன்னார். எட்டு மணி நேரக் காசு வாங்கிட்டு ஆறு மணி நேரத்துல விட்டுட்டார்னு நண்பர் கணக்குப் போடுவார். போடட்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல காதுல ஏறுற சரித்திரம் எதுவும் தங்காதுங்கிறது என் அனுபவம். புக் பண்றப்பவே அரை நாளுக்குக் கேட்டுப் பாருங்க, பல பேர் ஒத்துக்கறாங்க. கழுத்துல லைசென்ஸ் அட்டை தொங்குதான்னும் பார்த்துக்கங்க.

அடுத்தது ரோம் போகலாம்னு அப்பா சொல்லிக்கிட்டிருக்கார். கொலோசியம் எல்லாம் அவருக்கு அப்புறம்தான், கால்வாய்ப் பாலங்களைத்தான் முதல்ல பார்க்கணுமாம். ரோமில் தமிழ் தெரிஞ்ச, கம்பளக்கடை இல்லாத (அங்க தோல்பை கடைன்னு கேள்வி) வழிகாட்டி யாரையாவது தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. பில்டு ஃபெயில் ஆயிடுச்சு, நான் அப்புறம் வரேன்.