நாய்க்கறியும் நாவடக்கமும்

நாய்க்கறி, பூனைக்கறி என்று காதில் விழுந்தாலே வலங்கைமான் பக்கத்து ஜனங்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அதில் தவறொன்றும் இல்லை. பைரவரின் வாகனத்தையும், அடுப்பங்கரையில் சுருண்டு கிடக்கும் பூனையையும் உணவாக எண்ணி நாம் பழகியதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற நாயையும் அதில் செதுக்கி, 'கோவிவன்' என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். அத்தகைய பிராணியைத் தின்ன மனம் வராதது இயல்பே.

ஆனால், உண்ணாதிருப்பது வேறு. உண்பவனை இகழ்வது வேறு. இவ்விரண்டையும் நாம் அடிக்கடி ஒன்றாக்கி விடுகிறோம்.

2018-ஆம் வருஷம் நவம்பர் மாதம், ஜோத்பூரிலிருந்து நமக்குத் தெற்கேயுள்ள மன்னார்குடிக்கு வரும் ரயிலில், சென்னை எழும்பூரில் 2,000 கிலோவுக்கு மேற்பட்ட இறைச்சி பிடிபட்டது. தோலுரித்த உடல்களின் வால் நீளமாயிருந்தது. அவ்வளவுதான்! 'நாய்க்கறி' என்ற செய்தி ரயிலைவிட வேகமாக ஊர்தோறும் பரவிற்று. பிரியாணிக் கடைக்காரர் ஒவ்வொருவரும் குற்றவாளியாகக் காட்சியளித்தார். ராஜஸ்தானத்து ஆட்டுக்கு வால் நீளம் என்று வியாபாரிகள் சொன்னதைக் கேட்பாரில்லை. சில தினங்களில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் பரிசோதனை முடிவு வந்தது: அது ஆட்டிறைச்சியே. வதந்தியை நம்பிய வேகத்தில் பாதியாவது இந்த உண்மையை நம்புவதில் காட்டினோமா?

கடைக்காரரின் கதி இதுவென்றால், நரிக்குறவர்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் ஒரு பூனை காணாமற் போனால், நம் சந்தேகம் முதலில் அவர்களுடைய கூடாரத்தை நோக்கியே செல்கிறது. வேட்டையாடி உண்டு வாழ்ந்த மக்கள் அவர்கள். 2023-இல்தான் பழங்குடியினர் பட்டியலில் இடம் பெற்றார்கள். பட்டியலில் இடம் கிடைத்தும் ஊர் வாயில் நல்ல பெயர் கிடைக்கவில்லையென்றால், குறை யாருடையது?

நம் வயல்களையே பார்ப்போம். அறுவடைக் காலத்தில் கிட்டி வைத்து எலி பிடிக்கிறார்கள். பயிர் பிழைக்கிறது, பிடித்த வயல் எலியைச் சமைத்து உண்பவர்களும் இருக்கிறார்கள். அந்நெல்லைச் சோறாக உண்ணும் நாம், அந்த எலியை உண்பவரைக் கண்டு மூக்கைப் பிடித்துக்கொள்வது என்ன நியாயம்?

நாகாலாந்தில் நாய்க்கறி வெகுகாலமாக வழக்கத்திலிருக்கும் உணவு. 2020-ஆம் வருஷம் அரசாங்கம் அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. சட்டசபை இயற்றிய சட்டம் இல்லாமல் அதிகாரியின் உத்தரவினால் இவ்வாறு தடுக்க இயலாதென்று 2023-இல் கௌஹாத்தி ஹைகோர்ட்டு அதை ரத்து செய்தது. தென்கொரியாவிலோ, நாய்களைச் செல்லமாக வளர்க்கும் குடும்பங்கள் பெருகியபின் ஜனங்களின் மனமே மாறிற்று. 2024 ஜனவரியில் அவர்களுடைய பார்லிமெண்டே சட்டம் செய்தது. 2027 முதல் இறைச்சிக்காக நாயை வளர்ப்பதும், கொல்வதும், விற்பதும் அங்கே குற்றமாகும். உண்பவனைத் தண்டிக்க அச்சட்டம் முற்படவில்லை. பிறர் ஏசி விளையாத மாறுதல், அவர்களாகவே உணர்ந்தபோது விளைந்தது.

பிறர் வளர்க்கும் பிராணியைத் திருடுவதும், வாயில்லா ஜீவனை வதைப்பதும், ஒரு கறியை மற்றொன்றாகச் சொல்லி விற்பதும் குற்றங்களே. அவற்றைச் சாட்சியோடு பிடித்துத் தண்டிக்கட்டும்; நாம் குறுக்கே நிற்கமாட்டோம். ஒருவனுடைய சட்டியை மட்டும் பார்த்து அவன் குலத்தையும் குணத்தையும் தீர்மானிப்பதைத்தான் வேண்டாமென்கிறோம்.

எதிர்க்கட்சிக்காரரின் நியாயத்தையும் பொறுமையோடு எடுத்துரைத்த ரைட் ஆனரபிள் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் பிறந்த ஊர் வலங்கைமான். அவ்வூர்க்காரர்களுக்கு நாம் அதிகம் சொல்லத் தேவையில்லை. இனி ஒரு வாலின் நீளத்தைக் கண்டு தீர்ப்புச் சொல்லுமுன், நம் நாக்கின் நீளத்தையும் ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்வோமாக!