கண்ணாடிக் கதவும் பலகைக் கதவும்

சம்பள நாளன்று பிற்பகலிலே பதுளைப் பஸ் நிலையத்தின் அருகிற் சற்று நேரம் நின்று பார்ப்பவர்க்கு ஒரு காட்சி தப்பாமற் கிடைக்கும். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஸ்பிரிங்வெளிப் பக்கங்களிலிருந்து வரும் பஸ்கள் தோட்டத்து மக்களை இறக்கிவிட்டுச் செல்லும். அடகு மீட்பதும், பிள்ளைக்குச் சப்பாத்து வாங்குவதும், மருந்துக் கடைக்குச் செல்வதுமாக அலுவல்கள் முடிந்தபின் எல்லார்க்கும் ஒரே வினா எழும்: எங்கே சாப்பிடுவது?

அண்மையில் ஒரு தாயையும் அவளுடைய இரு பிள்ளைகளையும் கண்டேன். பையன் கண்ணாடிக் கதவிட்ட புதிய உணவுச்சாலையை நோக்கித் தாயின் கையைப் பற்றி இழுத்தான். உலகெங்கும் கிளைகளையுடைய உணவுச்சாலைகளின் மாதிரியில் அமைந்த கடை அது. வாயிலிற் படங்களோடு விலைகளும் இருந்தன. தாய் அவற்றை விரல் வைத்துப் படித்தாள். மனத்துக்குள் ஏதோ கணக்குப் பார்த்தாள். திரும்பி எதிர்ப்புறத்துப் பழைய சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாள்.

அவள் போட்ட கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபாயென 2024 செப்டம்பரில் வர்த்தமானி மூலம் அறிவிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதனை ஊக்கத் தொகையுஞ் சேர்த்து 1750 ரூபாயாக்க முன்மொழிந்தது. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர்தான். மூவர் அக்கண்ணாடிக் கதவுக்குள்ளே வயிறார உண்டு எழுந்தால் இரண்டு நாட் பேர் போய்விடும்.

பழைய கடையும் மலிவாக இருந்துவிடவில்லை. 2021 செப்டம்பரில் 1493 ரூபாயாக இருந்த பன்னிரண்டரைக் கிலோ எரிவாயுச் சிலிண்டர் அடுத்த மாதம் 2675 ஆகி, 2022 ஏப்ரலில் 4860 ரூபாயைத் தொட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் உணவுப் பொருள்களின் விலையேற்றம் கொழும்புச் சுட்டெண்ணின்படி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை எட்டியது. பின்னர் ஏற்றத்தின் வேகம் தணிந்தது. ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரியும் 18 வீதமாயிற்று. சிறு கடைக்காரன் வரி கொடாமல் மலிவாக விற்கிறான் என்று குறை கூறுவோர் ஒன்றை மறக்கின்றனர். சிட்டையில் அவன் வரி எழுதாவிடினும், எரிவாயு வாங்கும்போதே அதனைச் செலுத்திவிடுகிறான்.

ஆயினும் விலை ஒன்றையே கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க நான் விரும்பவில்லை. துரைமார் காலத்திலே தோட்டத்துத் தொழிலாளிக்கு அரிசியைத் தோட்டமே அளந்தது. அதன் விலையைச் சம்பளத்திற் கழித்தது. எதை உண்பது என்பதைக்கூட அவன் தானாகத் தெரிந்துகொள்ள இயலாத அந்நாளில், பட்டணத்துக் கடையொன்றில் அமர்ந்து, தன் கைக்காசைக் கொடுத்து, தோசையும் ஒரு பிளேன்டீயும் கேட்டு வாங்குவது சிறிய செய்கையன்று. 1924இற் புகையிரதம் பதுளை வரை வந்தபின் வளர்ந்த கடைத்தெருவில் இக்கடைகள் அவனுக்கு வெறும் சோற்றுக்கடையாக மட்டும் இருக்கவில்லை. கடிதம் வாசிக்கவும், மூட்டையை வைத்துவிட்டுப் போகவும், ஊர்ச்செய்தி அறியவும் அவையே இடமாயின. 1983 யூலை 27ஆந் தேதி அக்கடைத்தெருவிலே தமிழர் கடைகள் எரியூட்டப்பட்டன. மீண்டும் வந்து பலகைக் கதவைத் திறந்தோரும் உளர். திரும்பி வாராதோரும் உளர்.

கிளைக் கடைக்கு அத்தகைய வேர் இல்லை. 2024 மார்ச்சில் மக்டொனால்ட்ஸ் நிறுவனத்துக்கும் அதன் உள்ளூர்ப் பங்காளிக்கும் இடையே பிணக்கு முற்றியபோது, இலங்கையிலிருந்த அதன் பன்னிரண்டு கடைகளும் ஒருங்கே மூடப்பட்டன. அங்கே உண்டவரோ பரிமாறியவரோ செய்த பிழை ஒன்றுமில்லை. நமது பழைய கடையோ வெலிமடைக் கிழங்கையும் கெப்பெட்டிபொலச் சந்தை மரக்கறியையும் வாங்குகிறது. மாத இறுதியிற் கணக்குக் கொப்பியைத் திறந்து, சம்பளம் வரும்வரை பொறுக்கிறது. கண்ணாடிக் கதவுக்குள் கொப்பி ஏது?

இவ்வளவும் கூறியபின், எனக்குச் சங்கடந் தரும் ஒன்றையும் கூறியாக வேண்டும். என்னிடம் படித்த தோட்டத்துப் பெண்ணொருத்தி இப்போது பட்டணத்தில் வேலை செய்கிறாள். சம்பளம் எடுத்ததும் தாயைக் கண்ணாடிக் கடைக்கே அழைத்துச் செல்கிறாளாம். ஏன் அந்த வீண் செலவு என்று ஆசிரியத் தோரணையோடு கேட்டுவிட்டேன். “அங்க எங்கம்மாவ யாரும் ‘வா, போ’ன்னு பேசுறதில்லைங்க சேர்” என்றாள். கழிவறை சுத்தமாக இருப்பதையும் சொன்னாள். அதிகாலையிற் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பும் பெண்ணுக்கு அதன் பெறுமதி என்னவென்று ஆண்களாகிய நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

அன்று எனக்கு மறுமொழி வரவில்லை. நம் கடைகள் சிலவற்றில் மலையிலிருந்து வந்தவரின் உடையைப் பார்த்தே குரல் மாறுகிறது. சிலவேளை விலையும் மாறுகிறது. அந்தத் தாய் பழைய கடைக்குள் நுழைந்ததும், “அண்ணே, சோறு எவ்வளவுங்க?” என்று பயந்து கேட்டதை நான் கேட்டேன். 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் விலைப்பட்டியலைக் கண்ணிற் படும்படி வைக்குமாறு பணிக்கிறது. விலை தெரிந்திருந்தால் அவள் அஞ்சியிருக்க வேண்டியதில்லை. மேசை துடைக்கும் பையனுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டப்படுகிறதா என்பதையும், ‘நம்ம கடை’ என்ற பாசத்தால் நாம் கேளாமலே இருந்துவிடுகிறோம்.

இலக்கியக் கூட்டம் முடிந்து பலகைக் கதவுக் கடையிலே பிளேன்டீயோடு விவாதத்தைத் தொடரும் நண்பர்களுக்கு இதனை எழுதுகிறேன். நான் அக்கடைக்கே செல்வேன். என் மாணவியை மட்டும் இனிக் கடியமாட்டேன். நமக்குக் கிடைக்கும் ‘வாங்க சேர்’ அடுத்த மேசைத் தாய்க்கும் கிடைக்கிறதா என்று கவனிப்பதும், கிடைக்காதபோது வாய் திறப்பதும் நமக்கு அரிதல்ல. முதலாளி நம் சொல்லைக் கேட்பார். அவள் சொல்லைக் கேட்பாரென்பது உறுதியில்லை.

சென்ற வாரம் கல்லாவில் இருந்தவரிடம் விலைப்பட்டியல் பற்றிக் கேட்டேன். “முட்டை வெல நாளுக்கு நாள் மாறுது சேர், எத எழுதுறது?” என்று சிரித்தார். நேற்றுச் சென்றபோது சுவரில் ஒரு கரும்பலகை தொங்கியது. சோறு, தோசை, வடை, தேநீர் ஆகியவற்றுக்கு எதிரே விலை எழுதியிருந்தது. முட்டைக்கு எதிரே மட்டும் ‘கேட்கவும்’ என்றிருந்தது.