கட்டுமரம் நம் சொல்லே!

மொரீசியசுத் தீவின் கீழைக் கரைக்குச் செல்வோர், இரட்டையுடற் பாய்க்கலம் ஏறி மான்தீவு சென்று, தெளிகடலில் நீந்திக் களிக்கின்றனர். அக்கலத்தை உலகம் 'கேட்டமரான்' என்கிறது. அது நம் 'கட்டுமரம்' அன்றோ? சோழமண்டலக் கரையில் வழங்கிய அச்சொல்லை ஆங்கிலக் கடலோடி தாம்பியர் 1697-இல் தம் நூலில் ஏற்றினார்.

மிகைபடக் கூறல் வேண்டா. மரங்களைக் கயிற்றாற் பிணித்தது நம் கலம். இரட்டையுடல் அமைப்போ அமைதிமாக்கடல் தீவினர்க்குரியது. எனினும் பெயர் நமதே. அதனை நாமே 'கேட்டமரான்' என்றெழுதின், ஈன்ற தாயே தன் மகவை அயலார் திரித்த பெயரால் அழைப்பதாகும்.

1998-இல் பணத்தாள்களில் தமிழெழுத்து வரிசையிற் பின்தள்ளப்பட்டபோது, மொரீசியசுத் தமிழர் கிளர்ந்தெழுந்தனர், அத்தாள்கள் மீளப்பெறப்பட்டன. கடல்கடந்தோர் எழுத்தின் இடத்தைக் காத்தனர். கரையிலிருக்கும் நாம் ஒரு சொல்லையேனும் காவோமா?