பனிக்கு முன்பே கயிறு

ஜப்பானுக்குப் போகிறவர்கள் செர்ரி மலர் பூக்கும் வசந்த காலமாகப் பார்த்துப் போவார்கள். நானோ நல்ல ஜனவரிக் குளிரில் போய் நின்றேன். "பனியில் தோட்டம் பார்க்கவா? பூவா இருக்கும், இலையா இருக்கும்?" என்றுதானே கேட்கிறீர்கள், வாசகிகளே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டோக்கியோவிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம் போனால் கனஸாவா நகரம். அங்கேதான் 'கென்ரோகுஎன்' என்ற தோட்டம் இருக்கிறது. மயேதா வம்சத்துப் பிரபுக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த தோட்டம். 1874-இல் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

நான் உள்ளே நுழைந்தபோது பனி பெய்து ஓய்ந்திருந்தது. குளக்கரையில் இரட்டைக்கால் கல்விளக்கு வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றது. எங்கும் ஒரே நிசப்தம். எப்போதாவது கிளையிலிருந்து பனி நழுவி, 'தொப்'பென்று விழும். அவ்வளவுதான்.

அந்தக் குளக்கரையில் ஒரு பெரிய பைன் மரம். 'கராஸாகி பைன்' என்று பெயர். பதின்மூன்றாவது பிரபு பீவா ஏரிக்கரையிலிருந்து விதை தருவித்து வளர்த்ததாம். அதை ஒட்டி ஐந்து நெடிய கம்பங்கள். கம்பத்து உச்சிகளிலிருந்து கிளைகளுக்குச் சுமார் எண்ணூறு வைக்கோல் கயிறுகள். விரித்த குடையின் கம்பிகளைப் போல அத்தனை அழகு!

அழகுக்காகக் கட்டியதல்ல. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வருகிறது. அதனால் இங்கே விழும் பனி ஈரப்பனி, கனமான பனி. பைன் மரமோ குளிர்காலத்திலும் இலை உதிர்ப்பதில்லை. அத்தனை பாரமும் கிளைமேல் உட்கார்ந்தால் 'மடக்'கென்று ஒடிந்துவிடும். கயிறு, பாரத்தில் ஒரு பங்கைத் தான் ஏற்றுக்கொள்கிறது.

ஆண்டுதோறும் நவம்பர் முதல் தேதி இந்த மரத்தில்தான் முதல் கயிறு ஏறுகிறது. மார்ச் மத்தியில் அவிழ்க்கத் தொடங்குகிறார்கள்.

"பனியே விழாத நவம்பரிலா?" என்றேன்.

"விழுந்த பிறகு கட்டி என்ன பயன்?" என்றார் உடன் வந்த ஜப்பானியப் பெண்மணி.

எனக்குச் சுருக்கென்றது. போன வருஷம் என் தாயார் படுக்கையில் விழுந்தபோது, நாங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் ஆரஞ்சுப் பழத்தோடு ஓடினோம். அதுவரை நாற்பது வருஷமாக அந்த வீட்டுப் பாரத்தை யார் சுமந்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. நல்ல வேளை, கிளை ஒடியவில்லை; அம்மா எழுந்துவிட்டாள்.

ஊர் திரும்பியதும், "இனிமேல் காலைக் காப்பி என் பொறுப்பு" என்று அறிவித்தேன்.

"ஏண்டா, அந்த ஊர்ப் பனி தலைக்கேறிவிட்டதா?" என்றாள் அம்மா.

ஆனால், மறுநாள் நான் கொடுத்த காப்பியை, சர்க்கரை போட மறந்திருந்தும், ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தாள்.