கண்ணுக்குத் தெரியாத வேலி... உங்கள் செல்லத்தைக் காக்குமா?

பால் பாக்கெட் எடுக்க கேட்டைத் திறக்கும் அந்த ஒரு நொடி போதும். காலுக்கு நடுவே புகுந்து தெருமுனைவரை ஓடிவிடும் செல்ல நாய். பின்னாலேயே ஓடுபவருக்கு மூச்சு வாங்கும். 'வண்டி எதுவும் வந்துவிடக் கூடாதே' என்ற பயம் வேறு!

இதற்குத் தீர்வு என்று ஆன்லைனில் விற்கப்படுவதுதான் எலெக்ட்ரானிக் வேலி. வாங்கலாமா?

எப்படி வேலை செய்கிறது?

இது அமெரிக்காவில் பிறந்தது. ரிச்சர்ட் பெக் என்பவர் 1973-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வீட்டின் முன்புறம் வேலி போட அனுமதிக்காத குடியிருப்புகள் அங்கே நிறைய உண்டு என்பதால், வேகமாகப் பரவியது.

வீட்டு எல்லையைச் சுற்றி மண்ணுக்குள் ஒரு ஒயரைப் புதைக்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் கருவி, அந்த ஒயர் வழியாக ரேடியோ சிக்னல் அனுப்பும். நாயின் கழுத்துப் பட்டையில் ரிசீவர் இருக்கும். எல்லையை நெருங்கினால் முதலில் 'பீப்' சத்தம். அதையும் தாண்டிப் போனால் சுரீரென்று ஷாக் அடிக்கும்.

ஒயரே இல்லாத ஜி.பி.எஸ் பட்டைகளும் உண்டு. மொபைலில் எல்லையை வரைந்தால் போதும். ஆனால், ஜி.பி.எஸ் காட்டும் இடம் சில மீட்டர் தள்ளிப்போகலாம். தென்னந்தோப்புக்குச் சரி, ஒரு கிரவுண்டு வீட்டுக்குச் சரிப்படாது.

மாட்டிவிட்டால் மட்டும் போதுமா?

போதாது. எல்லை நெடுக சின்னக் கொடிகளை நட்டு, நாயைக் கயிற்றில் பிடித்தபடி தினமும் பழக்க வேண்டும். ஷாக்கை அணைத்துவிட்டு, 'பீப்' கேட்டதும் உள்ளே திரும்பினால் பிஸ்கட், பாராட்டு! இதற்கே இரண்டு வாரங்கள் ஆகலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கு இது வேண்டாம். பட்டையை நாள் முழுக்க மாட்டியே வைத்தால், உலோக முனைகள் அழுத்திக் கழுத்தில் புண் வரும்.

எங்கே சிக்கல்?

பூனையைத் துரத்தும் வேகத்தில் நாய் ஷாக்கைத் தாங்கிக்கொண்டு வெளியே பாய்ந்துவிடலாம். வேகம் அடங்கியதும், மறுபடி ஷாக் அடிக்குமோ என்று பயந்து உள்ளே வராமல் தெருவிலேயே நிற்கும். பேக்-அப் இல்லாவிட்டால், கரன்ட் போனதும் வேலியும் போச்சு. முக்கியமாக, தெரு நாய்கள் உள்ளே வருவதை இது தடுக்காது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தபால்காரர் வரும்போதெல்லாம் ஷாக் அடித்தால், வலிக்கு அவர்தான் காரணம் என்று நாய் நினைத்துக்கொள்ளலாம். பிறகு அவரைக் கண்டாலே சீறும். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், ஷாக் அடிக்கும் பட்டைகளுக்கு 2010-லேயே தடை வந்துவிட்டது.

அப்படியென்றால் கட்டிப்போடலாமா?

அதுவும் தவறு. எப்போதும் சங்கிலியில் கட்டிவைத்து, நடக்கவும் ஓடவும் விடாமல் வளர்ப்பது 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதேசமயம், உங்கள் நாயால் மற்றவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியதும் உங்கள் பொறுப்பு. அலட்சியமாக இருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

செலவு குறைந்த வழிகள்

* கேட்டுக்கு அடியிலும் கம்பி இடைவெளியிலும் வலை அடியுங்கள்.
* வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே சின்னதாக இன்னொரு கதவு போடுங்கள்.
* காலை, மாலை வாக்கிங் கட்டாயம். வீட்டுக்குள்ளேயே சலித்துப்போன நாய்தான் ஓட வழி தேடும்.
* ஆண் நாய்க்குக் கருத்தடை செய்தால், துணை தேடி ஓடுவது பெரும்பாலும் குறையும். கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.
* 'வா' என்றதும் ஓடிவரப் பழக்குங்கள். வந்ததும் அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை வராது.
* பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். ரேபிஸ் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெரிய தோட்டம் இருந்து, எலெக்ட்ரானிக் வேலிதான் வேண்டும் என்றால், ஷாக்கை அணைத்து 'பீப்' அல்லது அதிர்வை மட்டும் பயன்படுத்தும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அப்போதும் யாராவது ஒருவர் கண்காணிக்க வேண்டும். நாயைத் தனியாக விட்டுவிட்டு ஊருக்குப் போக இந்த வேலியை நம்பாதீர்கள்!